கையில் இருப்பதும் போய்விடுமா? நில இழப்பீடு, கடை அபராதம், மேல்முறையீடு

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். சாலைக்காக அப்பாவின் 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், கொடுத்த தொகை குறைவு, பக்கத்து நிலத்துக்காரர் கோர்ட்டுக்குப் போய்க் கூடுதலாக வாங்கிவிட்டார். அது ஒன்று. உங்கள் மளிகைக் கடையில் எடுத்த மிளகாய்த்தூள் மாதிரி ‘தரம் குறைந்தது’ என்று அறிக்கை வந்து, மாவட்ட வருவாய் அலுவலர் 25,000 ரூபாய் அபராதம் போட்டுவிட்டார். அது இன்னொன்று. இரண்டுக்கும் அப்பீல் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாதது கடைசி வரியில் இருக்கிறது: “அப்பீல் போனால் கொடுத்ததையும் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதத்தையும் ஏற்றிவிடுவார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள், நிஜமா?” அந்தப் பயத்துக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நான் வழக்கறிஞர். இருபத்தைந்து ஆண்டுகளில் பாதிக்கு மேல் நில ஆர்ஜித வழக்குகளிலேயே போனது. கடைக்காரர்கள் வழக்கும் நிறைய நடத்தியிருக்கிறேன், மாவட்டத் தலைநகரில் தொழில் செய்பவனுக்கு அது தவிர்க்க முடியாதது. உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் எழுதுகிறேன். எது உறுதி, எது அனுபவத்தில் சொல்வது, எது உங்கள் நோட்டீஸைப் பார்த்தால்தான் தெரியும் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நிலத்தில், 1894 ஆம் ஆண்டுப் பழைய நில ஆர்ஜிதச் சட்டத்தின்படி எடுத்திருந்தால் பயமே வேண்டாம். அதன் 25 ஆவது பிரிவு, கலெக்டர் தரப்பு நிர்ணயித்த தொகைக்குக் கீழே கோர்ட் போகக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. ஆபத்து அதற்கு அடுத்த படியில்தான். கீழ்க் கோர்ட் உயர்த்திக் கொடுத்த பிறகு ‘இன்னும் வேண்டும்’ என்று நீங்கள் உயர் நீதிமன்றம் போனால், அரசும் தன் பங்குக்கு மேல்முறையீடோ எதிர் ஆட்சேபணையோ போடலாம். அப்போது கோர்ட் உயர்த்திய பகுதி குறைய வாய்ப்பு உண்டு. ஊரில் யாருக்கோ குறைந்தது என்று கேள்விப்பட்டிருந்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. அங்கே தொகை பிடிக்கவில்லை என்று நடுவரிடம் போகும் உரிமை நிலத்துக்காரருக்கு உள்ளதுபோல நெடுஞ்சாலைத் தரப்புக்கும் உண்டு.

கடை விஷயத்தில், கிரிமினல் கோர்ட் தண்டனை கொடுத்து, தண்டிக்கப்பட்டவர் மட்டும் மேல்முறையீடு செய்தால், அந்த மேல்முறையீட்டில் தண்டனையை ஏற்ற முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 386 ஆவது பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தின் 427 ஆவது பிரிவிலும் இது தெளிவாக இருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பதோ கோர்ட் தண்டனை கிடையாது, அதிகாரி விதித்த அபராதம். அதன் மேல்முறையீடு போவது தனித் தீர்ப்பாயத்துக்கு. அங்கே, மேல்முறையீடு செய்த சிறு கடைக்காரருக்கே தொகையை ஏற்றியதை நான் பார்த்ததில்லை. இது என் அனுபவம்தான், முன்னே சொன்ன இரண்டு பிரிவுகளைப் போல உறுதி என்று இதைச் சொல்ல மாட்டேன்.

ஆக, பயம் பெரும்பாலும் தேவையற்றது. நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறே. மேல்முறையீடு என்றால் மேலே உள்ள பெரிய நீதிபதி நம் கஷ்டத்தை முதலிலிருந்து கேட்பார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கீழே வைத்த காகிதங்களை மேலே ஒருவர் திரும்பப் படிக்கிறார், அவ்வளவுதான் நடக்கிறது. கீழே வைக்காத காகிதத்தை மேலே வைப்பதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 41, விதி 27 என்று ஒரு சின்னக் கதவு இருக்கிறது. ‘எவ்வளவு முயன்றும் அப்போது கிடைக்கவில்லை’ என்பது போன்ற காரணம் காட்டினால்தான் அது திறக்கும். ‘வக்கீல் கேட்கவில்லை, நாங்கள் கொடுக்கவில்லை’ என்றால் திறக்காது.

இது எனக்கு மறக்க முடியாத ஒரு நாளிலிருந்து தெரியும். சப் கோர்ட் சாட்சிக் கூண்டில் எழுபது தாண்டிய ஒரு விவசாயி. அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்கிறார்: “உங்க நிலம் மானாவாரிதானே?” பெரியவர், “இல்லைங்க, கிணறு இருக்கு, அஞ்சு குதிரை மோட்டார் ஓடுது” என்றார். “அதுக்கு ஆவணம் ஏதாவது தாக்கல் பண்ணியிருக்கீங்களா?” பெரியவர் எங்கள் மேசையைப் பார்த்தார். நான் அப்போது ஜூனியர், வழக்குக் கட்டுக்குள் தேடினேன், இல்லை. கிராமக் கணக்கான அடங்கலில் புஞ்சை என்று மட்டும் இருந்தது. மானாவாரிப் புஞ்சை என்றே விலை போட்டுத் தீர்ப்பு வந்தது. ஒன்பது ஆண்டு கழித்து உயர் நீதிமன்றத்தில் விசாரணை நெருங்கியபோது, அவர் மகன் ஒரு பிளாஸ்டிக் பையில் மின்வாரிய அட்டையைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் சர்வே எண், இணைப்பு கொடுத்த தேதி, குதிரைத் திறன் எல்லாம் தெளிவாக இருந்தது. வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் அத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. விதி 27 மனு போட்டோம், தள்ளுபடி ஆனது. அந்த அட்டையை அன்று சப் கோர்ட்டில் வைத்திருந்தால் சென்ட்டுக்குப் பல ஆயிரம் கூடியிருக்கும். அதன் பிறகு எந்த ஆர்ஜித வழக்கு வந்தாலும், கட்சிக்காரர் வீட்டுக்கு நானே ஒருமுறை போய்வருவது என்று வைத்துக்கொண்டேன்.

சரி, உங்கள் நிலத்துக்கு வருவோம். எந்தச் சட்டத்தில் எடுத்தார்கள் என்பதை நோட்டீஸின் தலைப்பில் பாருங்கள். 2013 ஆம் ஆண்டு மத்திய நில ஆர்ஜிதச் சட்டம் 2014 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956 ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டில் மாநில நெடுஞ்சாலைக்கு 2001 ஆம் ஆண்டுச் சட்டமும், சிப்காட் போன்ற தொழில் திட்டங்களுக்கு 1997 ஆம் ஆண்டுச் சட்டமும் தனியாக உண்டு. இந்த மாநிலச் சட்டங்களை 2019 இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டமன்றம் அதே ஆண்டு புதிதாகச் சட்டம் இயற்றி அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது, 2021 இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ‘சாலைக்கு எடுத்தார்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மாநில நெடுஞ்சாலையா, தேசிய நெடுஞ்சாலையா என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்ல முடியும்.

2013 ஆம் ஆண்டுச் சட்டம் என்றால் முதல் படியை அப்பீல் என்று சொல்வதில்லை. 64 ஆவது பிரிவில் கலெக்டருக்கு மனு கொடுத்து, ‘இதை நில இழப்பீட்டுத் தகராறைத் தீர்க்கும் ஆணையத்துக்கு அனுப்புங்கள்’ என்று கேட்பது. கோர்ட் வட்டாரத்தில் ரெஃபரன்ஸ் என்போம். அவார்டு, அதாவது தொகையை நிர்ணயிக்கும் கலெக்டர் தரப்பு உத்தரவு, சொன்ன அன்று நேரில் இருந்திருந்தால் ஆறு வாரம். இல்லையென்றால் கலெக்டரின் நோட்டீஸ் கிடைத்து ஆறு வாரம் அல்லது அவார்டு தேதியிலிருந்து ஆறு மாதம், எது முதலில் முடிகிறதோ அது. தகுந்த காரணம் இருந்தால் மேலும் ஓராண்டுக்குள் கலெக்டர் ஏற்கலாம். ஆணையம் தீர்ப்புச் சொன்ன பிறகு 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம், காரணம் காட்டினால் இன்னும் ஒரு 60 நாள்.

அப்பா பணத்தை வாங்கிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கிய ரசீதில் ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி இருக்கிறதா? ஆட்சேபணை இல்லாமல் பணம் வாங்கியவர் ரெஃபரன்ஸ் கேட்க முடியாது என்று சட்டம் சொல்கிறது. அந்த வரி இல்லை என்றால் உடனே மனம் உடைந்துவிட வேண்டாம். பழைய சட்டத்தில் இதே கேள்வி வந்தபோது, 1994 இல் அஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ரெஃபரன்ஸ் மனு போட்டதே அவருடைய ஆட்சேபணையைக் காட்டுகிறது என்றது. ஆனால் அதை நம்பி அந்த வரியை எழுதாமல் விடுவது வேறு விஷயம். இதைப் படிக்கும் மற்றவர்கள், பணம் வாங்கும் இடத்தில் தாசில்தார் மேசையிலேயே பேனாவை எடுத்து அந்த இரண்டு சொல்லை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். யார் முறைத்தாலும் பரவாயில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் விஷயம் உங்களுக்கு நல்ல சேதியாக இருக்கலாம். அவர் நிலமும் உங்கள் நிலமும் ஒரே அறிவிக்கையில் எடுக்கப்பட்டிருந்து, நீங்கள் ரெஃபரன்ஸே போகாமல் விட்டிருந்தால், அவருக்குக் கிடைத்த விலையை எங்களுக்கும் கொடுங்கள் என்று கலெக்டரிடம் கேட்கலாம். பழைய சட்டத்தில் 28-அ பிரிவு, புதியதில் 73. அவருடைய தீர்ப்புத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும், தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். பண வசதியில்லாமல் கோர்ட்டுக்குப் போகாதவர்களுக்காகவே வைத்த பிரிவு இது. ஆனால் கிராமத்தில் இந்தச் செய்தி வந்து சேரும்போது பெரும்பாலும் நாலாவது மாதம் ஆகிவிடுகிறது. இன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய்த் தீர்ப்பின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் வழக்கு எண் இருக்கும், கடைசியில் தேதி.

விலை எப்படிக் கணக்காகிறது என்று தெரிந்தால்தான் எதை எதிர்ப்பது என்று தெரியும். 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26 ஆவது பிரிவுப்படி, பத்திரப் பதிவு வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம், அதே ஊரிலும் அக்கம்பக்கத்திலும் அதுபோன்ற நிலங்களுக்கு முந்தைய மூன்றாண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களின் சராசரி இன்னொரு பக்கம். எது கூடுதலோ அது. அந்தச் சராசரியும் எல்லாப் பத்திரங்களுக்கும் சேர்த்து எடுப்பது கிடையாது, விலை கூடுதலான பாதிப் பத்திரங்களை வைத்து எடுக்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு விற்பனைப் பட்டியல் தயார் செய்திருப்பார்கள். அதில் ஒரு நிலத்தை டேட்டா லேண்ட், அதாவது விலைக்கு அடிப்படையான நிலம், என்று தேர்ந்தெடுத்து, மற்றவற்றை ‘சிறிய மனை’, ‘சாலையோரம்’, ‘பொருந்தாது’ என்று ஒவ்வொரு சொல்லில் தள்ளியிருப்பார்கள். உங்கள் வழக்கின் உயிர் அந்தத் தள்ளிய பட்டியலில் இருக்கிறது. அவார்டு நகலோடு அந்தப் பட்டியலையும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு சர்வே எண்ணையும் கிராம வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள். தள்ளப்பட்ட நிலம் உங்கள் வரப்பிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். நான் பார்த்த ஒரு வழக்கில், ‘தொலைவு’ என்று தள்ளிய நிலத்துக்கும் எடுத்த நிலத்துக்கும் நடுவே ஒரு வண்டிப் பாதைதான் இருந்தது.

அதே நேரம் ஒரு மனைப் பத்திரத்தைக் காட்டி, சதுர அடி விலையை அப்படியே ஏக்கருக்குப் பெருக்கிக் கேட்கவும் கூடாது. சிறு மனை விலையிலிருந்து சாலைக்கும் வடிகாலுக்கும் பூங்காவுக்கும் என்று கோர்ட் ஒரு பகுதியைக் கழிக்கும். மூன்றில் ஒரு பங்கு கழிப்பது சாதாரணம், நிலத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். 1988 இல் சிமன்லால் ஹர்கோவிந்ததாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கூட்டல் கழித்தலுக்கெல்லாம் வழி சொல்லியிருக்கிறது. இன்றுவரை ஆர்ஜித வழக்கறிஞர்கள் கையில் வைத்திருக்கும் தீர்ப்பு அது.

ஒரு கணக்குப் பார்ப்போம். சென்ட்டுக்கு 10,000 ரூபாய் கொடுத்தார்கள், கோர்ட் 18,000 ஆக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 சென்ட்டுக்குக் கூடுவது 9,60,000. பழைய சட்டத்தில் அதன் மேல், கட்டாயமாக எடுத்ததற்காக 30 சதவீதம் ஆறுதல் தொகை, சேர்த்து 12,48,000. புதிய சட்டத்தில் ஆறுதல் தொகை நூற்றுக்கு நூறு, ஆகவே 19,20,000. கிராமப்புற நிலத்துக்கு உள்ள பெருக்கல் காரணியையும், ஆண்டுக்கு 12 சதவீதக் கூடுதல் தொகையையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. கோர்ட் உயர்த்திய தொகைக்கு, நிலத்தை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து முதல் ஆண்டு 9, அதற்குப் பிறகு 15 சதவீதம் வட்டியும் வரும். ஆகவே சென்ட்டுக்கு நூறு ரூபாய் வித்தியாசம் என்றாலும் அலட்சியமாக விடாதீர்கள்.

கோர்ட் கட்டணத்துக்குப் பயந்து குறைவாகக் கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் இழப்பீட்டு மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கொடுத்ததற்கும் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் கணக்காகும், அதனால் அந்தப் பயம் நியாயமே. ஆனால் 1985 இல் பாக் சிங் வழக்கிலேயே, நியாயமான விலை கேட்ட தொகையைவிடக் கூடுதல் என்று தெரிந்தால், பற்றாக்குறைக் கட்டணத்தைக் கட்டவிட்டு அதைக் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம், அரசே மேல்முறையீடு போட்டு உங்களுக்கு நோட்டீஸ் வந்தால், அது கெட்ட செய்தி என்று சுருண்டுவிடாதீர்கள். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் எதிர் ஆட்சேபணை தாக்கல் செய்து, நீங்களும் கூடுதல் கேட்கலாம். தனி மேல்முறையீட்டுக் கெடு முடிந்துபோனவர்களுக்கும் இது திறக்கும் கதவு. நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பும் வழக்கம் கிராமங்களில் இருக்கிறது, அது இந்தக் கதவைத் தானே சாத்திக்கொள்வது.

தேசிய நெடுஞ்சாலை என்றால் பாதை வேறு. முதலில் நடுவர். மத்திய அரசு நியமிக்கும் அந்த நடுவர் நம் ஊரில் பெரும்பாலும் மாவட்ட கலெக்டரே. அவர் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் நடுவர் மன்றச் சட்டத்தின் 34 ஆவது பிரிவில் மாவட்ட நீதிமன்றம். கெடு மூன்று மாதம், காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. நிலத்துக்காரர்களின் தாமதத்தைக் கோர்ட் பரிவோடு பார்க்கும் என்பதற்கு 1987 இன் காதிஜி தீர்ப்பைப் பலரும் சொல்வார்கள். அந்தப் பரிவு இங்கே எடுபடாது.

இந்தப் பாதையின் கஷ்டத்தைத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே காட்டியது. நடுவரான கலெக்டர் சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 காசு முதல் 83 ரூபாய் 15 காசு வரை கொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் அதை 645 ரூபாய் ஆக்கியது. 2021 இல் ஹக்கீம் வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் போனபோது, 34 ஆவது பிரிவில் நடுவர் தீர்ப்பை ரத்து செய்யலாமே தவிர தொகையை மாற்ற முடியாது என்று சட்டம் சொல்லப்பட்டது. ஆனாலும் அந்த விவசாயிகளின் நியாயம் கருதி அவர்கள் தொகையில் கை வைக்கவில்லை. 2025 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வரம்புக்கு உட்பட்டுத் திருத்தலாம் என்று அந்த நிலையைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. இந்த வரம்புக்குள் நில விலை எவ்வளவு தூரம் வரும் என்பது இனி வரும் தீர்ப்புகளில்தான் தெளியும். அதனால் நெடுஞ்சாலை நிலத்துக்காரர்கள் தங்கள் முழுப் பலத்தையும் நடுவர் முன்னாலேயே காட்டிவிட வேண்டும். பத்திர நகல், மின் அட்டை, மரக் கணக்கு, கிணறு மதிப்பீடு, எல்லாம் அங்கே. இன்னொன்றும் உண்டு. 1997 முதல் 2014 வரை நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலங்களுக்கு ஆறுதல் தொகையே கொடுக்காமல் இருந்தார்கள். அது செல்லாது என்று 2019 இல் தர்சேம் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது, முன்பே எடுத்த நிலங்களுக்கும் அது பொருந்தும் என்று 2025 இல் உறுதியும் ஆகிவிட்டது. உங்கள் நிலம் அந்தக் காலத்தது என்றால் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பு வந்ததும் பணம் வந்துவிடும் என்று கடன் வாங்கிவிடாதீர்கள். நிறைவேற்று மனு போட்டு, அமீனா ஜப்தி வாரண்டோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் ஜீப்பையும் கம்ப்யூட்டரையும் எடுக்கப் போகிறோம் என்ற நிலை வந்த பிறகு பணம் கட்டிய வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அரசு மேல்முறையீடு செய்து தடை கேட்டால், ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித்தான் பெரும்பாலும் தடை கொடுப்பார்கள். கட்டிய அந்தப் பகுதியை எடுத்துக்கொள்ள நீங்கள் மனு போட வேண்டும், தானாக வராது.

இனி கடை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006 இல் ‘தரம் குறைந்தது’, ‘தவறான லேபிள்’, ‘பாதுகாப்பற்றது’ என்று மூன்று வகை. முதல் இரண்டுக்கும் சிறை கிடையாது, அபராதம் மட்டும். தரக்குறைவுக்கு உச்ச வரம்பு 5 லட்சம், லேபிளுக்கு 3 லட்சம். பாதுகாப்பற்றது என்றால்தான் கிரிமினல் கோர்ட், சிறை எல்லாம் வரும். உங்களுடையது முதல் வகை. மாவட்ட வருவாய் அலுவலர் உத்தரவுக்கு எதிராக 30 நாளுக்குள் உணவுப் பாதுகாப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போகலாம், மாவட்ட நீதிபதி தகுதி உள்ளவர் அதில் இருப்பார். அதற்கும் மேலே 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம்.

ஆனால் பெரும்பாலான கடைக்காரர்கள் தோற்பது தீர்ப்பாயத்துக்கு வெகு முன்பே. மாதிரி எடுத்த நாளை நினைத்துப் பாருங்கள். பொருளை நாலு பங்காகப் பிரித்து, அரக்கு முத்திரை வைத்து, சீட்டில் உங்கள் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஒரு பங்கு அரசு ஆய்வகத்துக்கு, இரண்டு, உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம். நாலாவது பங்கு உங்களுக்காக. நீங்கள் கேட்டால் அதை அங்கீகாரம் பெற்ற இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கேட்கலாம் என்று யாரும் அந்த நேரத்தில் உங்கள் காதில் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு அறிக்கை நகல் தபாலில் வரும். அது கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் ஆட்சேபணை மேல்முறையீடு கொடுத்தால் மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம். என்னிடம் வந்த ஒரு கடைக்காரர் அந்த உறையைப் பிரிக்காமல் கல்லாப்பெட்டியின் அடியில், பால்காரர் சீட்டுகளோடு வைத்திருந்தார். தபால் முத்திரைத் தேதியிலிருந்து எண்ணினால் அன்று நாற்பத்தோராவது நாள். அவர் விற்ற பொருளில் குறையே இல்லாமலும் இருந்திருக்கலாம், ஆனால் அதைச் சொல்லும் ஆய்வறிக்கை என்று ஒன்று இல்லாமலே வழக்கு முடிந்துபோனது.

‘மிளகாய்த்தூளில் சாம்பல் அளவு கொஞ்சம்தானே கூடியிருக்கிறது’ என்ற வாதத்தை நம்பாதீர்கள். பழைய கலப்படத் தடைச் சட்டத்தில், 1995 இல் விற்ற பாலில் கொழுப்பு அல்லாத திடப்பொருள் 8.5 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 7.7 இருந்தது. சிறிய வித்தியாசம் என்ற வாதத்தை 2019 இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்றைய சட்டத்தில் அந்த ‘கொஞ்சம்’ உதவும் இடம் அபராதத்தின் அளவுதான். 49 ஆவது பிரிவு, எவ்வளவு லாபம் பார்த்தீர்கள், யாருக்கு என்ன நஷ்டம், இது எத்தனையாவது முறை, தெரியாமல் நடந்ததா என்பதையெல்லாம் பார்த்துத் தொகையை முடிவு செய்யச் சொல்கிறது. உத்தரவில் இவை பற்றி ஒரு வரிகூட இல்லாமல் வெறும் தொகை மட்டும் இருந்தால் அதுவே நல்ல மேல்முறையீட்டுக் காரணம்.

நீங்கள் விற்றது சீல் வைத்த பாக்கெட் என்றால் கொள்முதல் பில் இருக்கிறதா என்று தேடுங்கள். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத கடைக்காரர் மீது பொறுப்பு தானாக விழும். பில் இருந்தால் தயாரிப்பாளர் பக்கம் விரலை நீட்டலாம், உரிய கவனம் எடுத்தேன் என்ற 80 ஆவது பிரிவு வாதமும் நிற்கும். பாக்கெட்டைப் பிரித்து உதிரியாக விற்றிருந்தால் இந்த வாதம் ரொம்பப் பலவீனம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு தேதியையும் பாருங்கள். ஆய்வகத்தின் உணவுப் பகுப்பாய்வாளர், மாதிரி தன் கைக்குக் கிடைத்த 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை உங்கள் கைக்கு வரும்போது பாக்கெட்டில் போட்ட காலாவதித் தேதி தாண்டியிருந்தால், மறு ஆய்வு கேட்கும் உங்கள் உரிமையே பயனற்றுப் போய்விட்டது என்று வாதிடலாம். இந்தக் காரணத்தால் வழக்கு விழுந்ததும் உண்டு, 14 நாள் தாண்டியது மட்டும் போதாது என்று நின்றதும் உண்டு. உங்கள் தேதிகளைப் பார்க்காமல் இதில் அடித்துச் சொல்ல மாட்டேன்.

போலீஸ் தனியாக எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். பாதுகாப்பற்ற உணவு என்ற அதே குற்றத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டமும் தண்டனைச் சட்டத்தின் கலப்படப் பிரிவுகளும் சேர்ந்து ஓட முடியாது, உணவுச் சட்டமே மேலோங்கும் என்று 2024 பிப்ரவரியில் ராம் நாத் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. எந்தக் கடை வழக்காக இருந்தாலும், ‘ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டுப் போங்கள்’ என்று கோர்ட் வராந்தாவில் யாராவது சொன்னால், ஒரு நிமிஷம் நில்லுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை அதிகம் அல்லது சட்டப்படி செல்லாது என்று மட்டும்தான் மேலே பேச முடியும், குற்றமே செய்யவில்லை என்று பேச முடியாது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நிலத்தை விடாதீர்கள். கெடு உயிரோடு இருந்தால் ரெஃபரன்ஸ், அது போயிருந்தால் பக்கத்து நிலத்துக்காரர் தீர்ப்பை வைத்து 73 அல்லது 28-அ மனு. கடைக்கு, கொள்முதல் பில்லோ, காலாவதித் தேதிச் சிக்கலோ, 49 ஆவது பிரிவைப் பார்க்காத உத்தரவோ ஏதாவது ஒன்று இருந்தால் தீர்ப்பாயம் போங்கள். மூன்றும் இல்லையென்றால் 25,000 ரூபாயைக் கட்டிவிடுவது நல்லது. கட்டாமல் விட்டால் நில வரி பாக்கிபோல வசூலிக்கவும், கட்டும் வரை உரிமத்தை நிறுத்திவைக்கவும் 96 ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் கட்டிய அபராதமும் பதிவில் நிற்கும், அடுத்த முறை ‘திரும்பச் செய்தவர்’ என்று பார்ப்பார்கள். அதனால் இன்றிலிருந்து பில் இல்லாத சரக்கைக் கடைக்குள் ஏற்றாதீர்கள்.

அவார்டு எண், அறிவிக்கைத் தேதி, அப்பா பணம் வாங்கிய தேதி, பக்கத்து நிலத்துக்காரரின் தீர்ப்புத் தேதி, வருவாய் அலுவலர் உத்தரவு கையில் கிடைத்த தேதி. இந்த ஐந்தையும், பெயரும் சர்வே எண்ணும் இல்லாமல், கீழே எழுதுங்கள். எந்தக் கெடு இன்னும் மிச்சமிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். ஏதாவது ஒன்று இந்த வாரம் முடிவதாக இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், உள்ளூரில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து மனுவை முதலில் தாக்கல் செய்துவிடுங்கள்.